அவள் சொன்னது சொன்னபடி

மேல்காடு எஸ்டேட்,
தேவிகுளம் வழி.
24 ஜூன் 1934

மீனுக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை, சாந்தம்மா. சுவர் புதிது, அவ்வளவுதான். போன ஆனியில் அந்த இடத்தில் ஆறு இருந்தது. இந்த ஆனியில் இருபது அடிக் கருங்கல் இருக்கிறது. மழைக்குக் கீழேயிருந்து ஏறி வரும் மீனுக்கு யாரும் முன்கூட்டிக் கடிதம் போடவில்லை.

வழக்கம்போல உன் அக்காள் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் சொன்னது சொன்னபடி:

"ஏட்டி சாந்தா, நீ எலப்புள்ளியில புள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கே. இங்க உங்க அத்தான் மீனுக்குக் காவல் இருக்காரு. எது பெரிய உத்தியோகம்னு லயத்து வீடுகள்ல ஒரே பேச்சு. தேயிலை ஆலைச் சக்கரம் சுத்தத் தண்ணி வேணும்னு செவரு கட்டுனாங்க. கட்டுன பெறகு பாத்தா, துரைமாரு தூண்டில் போட ஒரு ஏரியும் ஆச்சு. சீமையிலேருந்து மீன் முட்டை வந்துச்சுட்டி, பொட்டிக்குள்ள ஐஸ் வச்சு! அது பொரிஞ்சு இப்ப ஏரியில ஓடுது. டிரவுட்டுன்னு பேரு. அதுக்கு ஈரல் அரைச்சுப் போடுதாரு உங்க அத்தான். எனக்கு ஒருநாள் ஈரல் வாங்கியாந்ததில்ல.

செவுத்துக்குக் கீழ நம்ம ஆத்து மீனு, மலைக்காரங்க குயிலுன்னு சொல்லுவாங்களே, பெரிய பெரிய செதிலோட, அது வந்து முட்டி முட்டி விழுது. விடிஞ்சா தொப்பு தொப்புன்னு சத்தம். மூக்கெல்லாம் ரத்தம். கல்யாண வீட்டு வாசல்ல நிக்க வச்ச சம்பந்தி மாதிரி நிக்குதுக. எனக்குப் பொறுக்கல. மண்ணெண்ணெய் டின்னுல ரெண்டை மொண்டு மேல ஏரியில கொண்டுபோய் விட்டேன். உங்க அத்தான் என்னைக் கொல்ல வந்தாரு. 'குயிலு டிரவுட்டுக் குஞ்சைத் தின்னுரும், என் வேலை போயிரும்'னாரு. மறுநா டின்னுக்கு மறுபக்கம் புடிச்சது யாருன்னு அவரையே எழுதச் சொல்லுதேன். எழுதுதாரு. மூஞ்சி கடுவன்பூனை மாதிரி இருக்கு."

இவ்வளவும் அவள். இனி நான் சொல்வது: மதகின் சக்கரம் என் பொறுப்பில் இருக்கிறது. திறக்குமுன் மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். ஊதிவிட்டு ஒரு பீடி குடிக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். கீழே கல் தாண்டித்தான் பெண்கள் அக்கரைக் கொழுந்துக் காட்டுக்குப் போகிறார்கள். நீ கவலைப்படாதே.

பெரியமுத்து

*

எலப்புள்ளி
15 ஜூலை 1934

அக்காளுக்கு, வாசித்துக் காட்டும் அத்தானுக்கும்.

கடிதத்தில் உள்ளதை நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆறுமுகசாமி. இவர் வீட்டு வெளியறையில்தான் இருக்கிறேன். மூன்று கோடையாக இவருடைய நெல் கருகியிருக்கிறது.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்க ஊர்ல அணையே கட்டிப்போட்டாங்களா? இங்க ஒண்ணு கட்டுனா நம்ம வயலுக்கு ரெண்டு போகமுங்க" என்றார். மீன் முட்டிக்கொள்வதைச் சொன்னேன். "மீனுதானுங்களே" என்றார். கொடியவர் அல்ல. கருகிய வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பாலக்காட்டு வாசகசாலையில் ஒரு புத்தகம். சில நாடுகளில் அணைக்குப் பக்கத்தில் மீன் ஏறிப் போகப் படி கட்டுகிறார்களாம். கல் படி, தண்ணீர் வழியும் படி. ஆறுமுகசாமியின் மகள் கமலாத்தாளிடம் படத்தைக் காட்டினேன். "மீனுக்குப் படியா? எங்கூட்டுக் கெணத்துக்கே படி இல்லீங்க" என்று சிரித்தாள்.

சுவர் கட்டியவர்கள் இந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. படித்தும் இருக்கலாம்.

அக்கா, டின்னைத் தொடாதே. அது அவர்கள் ஏரி, இப்போது அவர்கள் ஆறும்கூட. பிடித்தால் திருட்டு என்பார்கள். நீ மீனை எடுத்தாயா விட்டாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சாந்தம்மாள்

*

மேல்காடு எஸ்டேட்
6 ஜனவரி 1935

சாந்தம்மாளுக்கு. அவள் சொன்னது சொன்னபடி:

"கார்த்திகைக்குப் பெறகு சொட்டு மழை இல்லட்டி. வெள்ளன எந்திரிச்சா புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி உறைபனி. ஆத்தைப் பாத்தா ஆறுன்னு சொல்லமாட்டே. தண்ணி பூரா செவுத்துக்கு மேல கெடக்கு. துரையோட கூட்டாளிக தூண்டிலத் தூக்கிட்டு வந்தா மட்டும் ஆத்துக்கு உசுரு வருது. உங்க அத்தான் மதகைத் தெறப்பாரு. புதுத்தண்ணி வந்ததும் மழை வந்துட்டுன்னு நம்பி, மடுவில கெடக்க குயிலெல்லாம் மேல ஏறுது. அங்கன தூண்டிலோட நிக்கானுக. மூணு நாலு மணி நேரம். பெறகு மதகை அடைச்சிருவாரு. ஏறினதுக ஏறினபடி பாறைக் குழியில மாட்டிக்கிடும். மறுநா வெயில் ஏறினா குழி வத்திப்போகும்.

நான் வெள்ளனப் போயி டின்னுல அள்ளி மடுவில விட்டுருதேன். பெருசுன்னா மேல ஏரிக்கே கொண்டுபோயிருதேன். ஒண்ணு வீட்டுக்கு வந்ததில்ல, சத்தியம். பக்கத்து வீட்டு ராமுத்தாய் சொல்லுதா, 'ஏ அழகு, ஒண்ணே ஒண்ணைக் குழம்பு வையி, லயம் பூரா மணக்கும்'னு. நம்பி வந்ததை எப்படிட்டி அறுக்க?

நீ பயந்து பயந்து எழுதாத. கொம்பு ஊதாம தண்ணி வராது. மூணாவது ஊதலுக்கு நான் கரையேறி முந்தானையப் பிழிஞ்சிக்கிட்டு நிப்பேன். கொம்பு ஊதுற ஆளு யாரு, என் புருசன்தான?

மாசியில அங்க வாரேன். உன் வீட்டுக்காரம்மா என்னை உள்ள விடுவாளா, வெளியறையோட சரியா? எனக்கு வெளியறையே போதும். காலை நீட்டிப் படுக்கணும், அவ்வளவுதான். பத்துநாளு எந்தக் கொம்பும் கேக்கக்கூடாது."

இனி நான் சொல்வது: ஆடியில் சுவரடியில் முட்டிக்கொண்டு நின்ற மீனை ஒரே நாளில் முப்பது பிடித்தார்கள். இதைப் போல ஆறு உலகத்தில் இல்லை என்று விருந்தாளி ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நாள் முழுக்க நின்றால் நாலு. அதனால்தான் அடிக்கடி இந்தப் புதுத்தண்ணி. அவளைத் தடுத்துப் பார்த்துவிட்டேன். கேட்கவில்லை.

பெரியமுத்து

*

மேல்காடு எஸ்டேட்
27 ஜனவரி 1935

சாந்தம்மாளுக்கு. அவள் சொன்னது சொன்னபடி:

"என் அன்புள்ள தங்கை சாந்தம்மாளுக்கு அக்காள் அழகுத்தாய் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியமாக இருக்கிறேன். உன் சௌக்கியத்துக்கு எழுதவும். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. இப்போது வேலை அதிகமாக இருப்பதால் மாசியில் நான் அங்கே வர இயலாது. நீயும் இங்கே வர வேண்டாம். குளிர் அதிகம். நேரத்துக்குச் சாப்பிடவும்."

பெரியமுத்து

*

எலப்புள்ளி
3 பிப்ரவரி 1935

அத்தான்,

நான்கு முறை படித்தேன்.

இது அக்காள் சொன்னது அல்ல.

அவள் என்னை 'அன்புள்ள தங்கை' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்பாள், கழுதை என்பாள். உங்களைப் பற்றி ஒரு கேலி இல்லை. மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் 'இனி நான் சொல்வது' என்று நீங்கள் சேர்ப்பீர்களே, அதுவும் இல்லை. ஏனென்றால் கடிதம் முழுவதும் நீங்கள்தான்.

அவளுக்கு என்மேல் கோபமா? உங்களுக்குள் சண்டையா? உடம்புக்கு ஏதாவதா?

ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். வசவாக இருந்தாலும் போதும். அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

சாந்தம்மாள்

*

மேல்காடு எஸ்டேட்
10 பிப்ரவரி 1935

சாந்தம்மாளுக்கு,

தை நான்காம் தேதி உன் அக்காள் ஆற்றோடு போய்விட்டாள். மேலே மலையில் பெருமழை. கல் தாண்டும்போது வெள்ளம் வந்துவிட்டது. அன்று மாலையே அடக்கம் செய்தோம். லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ராமுத்தாய் குளிப்பாட்டினாள்.

உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. காரணம் கேட்காதே.

பெரியமுத்து

*

எலப்புள்ளி
20 பிப்ரவரி 1935

கேட்கிறேன்.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. எனக்கு இருந்தது ஒருத்தி. அவள் முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை. பத்து நாள் கழித்து அவள் சௌக்கியம் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதம் வருவதற்கு முதல் நாள்தான் நான் அவளுக்காக ஒரு பாய் வாங்கினேன். வெளியறையில் விரிக்க.

ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. கமலாத்தாள் சோறு கொண்டுவந்து வைப்பாள், எடுத்துப் போவாள்.

நேற்று பாலக்காட்டுச் சந்தையில் சூசையப்பனைப் பார்த்தேன். உங்கள் எஸ்டேட்டில் தச்சு வேலை செய்தாரே, அவர்தான். என்னைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்தார்.

"தங்கச்சி, நாலு வார்த்த நல்லதா சொல்லிட்டுப் போயிரலாம்னு பாக்கேன், வாய் வரமாட்டேங்கு. சாவு விசாரணை மகசர்ல என்ன எழுதிருக்கு தெரியுமா? துரைமாரு மீன்பிடி கிளப்புத் தண்ணியில மீன் திருட எறங்கினவளை மழவெள்ளம் கொண்டுபோச்சுன்னு எழுதிருக்கு. அதுக்குக் கீழ புருசன் கையெழுத்து."

"அன்றைக்கு மழை பெய்ததா?" என்று கேட்டேன்.

"நான் அன்னைக்குக் கூரைக்குப் பலகை அடிச்சேன். சட்டை நனையல" என்றார்.

அத்தான், கார்த்திகைக்குப் பிறகு சொட்டு மழை இல்லை என்று அக்காள் சொல்லி, உங்கள் கையால் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது.

திருடினாள் என்று எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்? அவள் ஒன்றைக்கூடக் குழம்பு வைக்கவில்லை.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். மரியாதை வேண்டாம். ஆறுதல் வேண்டாம். நடந்தது மட்டும்.

சாந்தம்மாள்

*

மேல்காடு எஸ்டேட்
3 மார்ச் 1935

சாந்தம்மாளுக்கு,

எழுதுகிறேன். ஏழு தாளைக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

தை மூன்றாம் தேதி, காணும் பொங்கல். விருந்தாளிகள் மூன்று பேர். அன்றைக்கு மதகைத் திறந்தேன், கொம்பு ஊதித்தான் திறந்தேன். மாலையில் அடைத்தேன். மீன் ஏறியது, குழியில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை அவள் டின்னை எடுத்தாள். "இன்னைக்குத் தெறப்பு உண்டா?" என்றாள். "பத்து மணிக்கு மேல" என்றேன். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். "ஊதும்போது நல்லா ஊதுங்க, நேத்து பசுமாடு கத்தினாப்பில இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆறரை மணிக்குத் துரை மதகுக்கு வந்தார். விருந்தாளிகள் அப்போதே மூன்றாம் மடுவில் நின்றிருந்தார்கள். இப்போதே திற என்றார். கொம்பை எடுத்தேன். வேண்டாம் என்றார். நேற்று கொம்புச் சத்தத்துக்கு மீன் அடங்கிவிட்டதாம். "பொண்ணுங்க இருக்காங்க தொரை" என்றேன். அக்கரையைக் காட்டினார். கொழுந்துக் காட்டில் வரிசையாகக் கூடைகள் தெரிந்தன. எல்லாரும் போய்விட்டார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவளும் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. கொம்பு என் கையில்தான் இருந்தது. ஊதியிருந்தால் ஏசியிருப்பார். அதற்குமேல் ஒன்றும் ஆகியிருக்காது.

சக்கரத்தைப் பதினோரு சுற்று சுற்றினேன்.

உனக்கு இந்த ஆறு தெரியும். மழைவெள்ளம் வருமுன் அயிரை கரையோரம் ஒதுங்கும். பிறகு சருகு மிதந்து வரும். பிறகு தண்ணீர் சிவக்கும். அதைப் பார்த்துத்தான் நம் பெண்கள் கல் தாண்டுவார்கள். மதகுத் தண்ணீருக்கு அது ஒன்றும் கிடையாது. அடியிலிருந்து கண்ணாடிபோல வரும். அவள் குனிந்து குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். தெளிந்த தண்ணீர். பயப்பட அதில் என்ன இருக்கிறது.

முதலில் டின் மிதந்து போனது. பார்த்ததும் ஓடினேன். மூன்றாம் மடுவுக்குப் போனபோது விருந்தாளி ஒருவர் தூண்டிலில் பெரிய மீன் மாட்டி, இழுத்தும் விட்டும் கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது. அவருக்குப் பத்தடி தள்ளிப் பாறை இடுக்கில் அவள் இருந்தாள். அவர் மீனைக் கரையேற்றும் வரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இடுப்புத் தண்ணீரில் நின்று அவளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மதகு திறக்கவே இல்லை, மழை என்றார்கள். "சக்கரத்தில் கை வைத்தவன் நீ. கொம்பு ஊத வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஊதாதே என்று சொன்னதை எங்கே எழுதியிருக்கிறது?" என்றார்கள். அவள் அங்கே என்ன செய்தாள் என்று கேட்டார்கள். டிரவுட் ஏரியில் குயிலை விட்டோம் என்று சொன்னால் இன்னொரு குற்றம். பேசாமல் இருந்தேன். அவர்களே 'திருட' என்று எழுதினார்கள். இரண்டு பொய்யில் ஒன்றையாவது மறுத்திருக்கலாம். பேனாவைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டேன்.

27ஆம் தேதி உனக்குத் தெரிவிக்கத்தான் உட்கார்ந்தேன். சாந்தம்மாளுக்கு என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரி என் கைக்குத் தானாக வரும், எட்டு வருடப் பழக்கம். 'அவள் சொன்னது சொன்னபடி' என்று எழுதிவிட்டேன். எழுதியதும், பக்கத்தில் இருக்கிறாள் என்று தோன்றியது. பேசட்டும் என்று காத்திருந்தேன். பேசவில்லை. அதனால் நானே எழுதினேன். அவளைப்போல எழுத எனக்கு வரவில்லை.

பெரியமுத்து

*

எலப்புள்ளி
12 மார்ச் 1935

படித்தேன்.

உங்களை வெறுக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். பாதி தூரம் போகிறது, நின்றுவிடுகிறது. மீதி தூரத்தில் நீங்கள் இடுப்புத் தண்ணீரில் நிற்கிறீர்கள்.

ஆனால் ஒன்று. என் பள்ளியில் ஒரு பெண் சிலேட்டுக்குச்சி எடுத்ததாக மற்றவள் சொன்னால், எடுத்தாயா என்று முதலில் அவளைக் கேட்பேன். அக்காளை யாரும் கேட்கவில்லை. அவளுக்காகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிர்த்தரப்பில் கையெழுத்துப் போட்டார்.

தேவிகுளத்துக்குப் போங்கள். சர்க்கார் கச்சேரியில் சொல்லுங்கள். திருட்டு இல்லை, மழை இல்லை. பொய்யை மாற்றுங்கள்.

அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

சாந்தம்மாள்

*

தேவிகுளம்
2 ஏப்ரல் 1935

சாந்தம்மாளுக்கு,

போனேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கச்சேரியில் குருசாமி என்று ஒரு எழுத்தர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். முழுவதும் கேட்டார். இடையில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் கேட்டார்.

"யோவ், நீயே கையெழுத்துப் போட்டுட்டு நீயே இல்லைங்கே. எஸ்டேட்டு குடுத்த கடுதாசியில அன்னைக்கு ரெண்டு அங்குலம் மழைன்னு இருக்கு. உன் வாய்ச்சொல்ல நான் எங்கே ஒட்ட?"

"மழை இல்லைங்க. அவ திருடலைங்க."

"புருசன் சொன்னா எடுபடாதுவே. செத்தவளே வந்து சொன்னாத்தான் உண்டு."

"அவ சொன்னது இருக்குதுங்க" என்றேன்.

உன்னிடம் உள்ள கடிதங்களைச் சொன்னேன். மதகு திறப்பது, மீன் குழியில் மாட்டுவது, அள்ளித் திரும்ப விடுவது, எல்லாம் அவள் வாயால் இருக்கிறது. எழுத்து என்னுடையதாயிற்றே என்றார். உறையில் தபால் முத்திரை இருக்கிறது, தேதி தெரியும் என்றேன். அதற்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா கொண்டா. உறையோட கொண்டா. அவ சொன்னதுன்னு எழுதின கடுதாசி ஒண்ணு விடாம எல்லாம் வேணும். ஒண்ணை ஒளிச்சா எல்லாம் போச்சு. மே ஆறாம் தேதி பெரிய அதிகாரி விசாரிப்பாரு" என்றார். நல்ல மனிதர்.

மதகு வேலை போய்விட்டது. இப்போது போடிமெட்டு ரோட்டில் கல் உடைக்கிறேன். மீன்காவலுக்கு வேறு ஆள் போடவில்லை, காவலுக்கு மீன் இல்லை. மார்ச்சில் வந்த விருந்தாளிகள் மூன்று நாள் நின்றுவிட்டுத் தூண்டிலை உறையில் போட்டுக்கொண்டு போனார்கள். மாசி வெயிலில் ஏரித் தண்ணீர் குறைந்து சூடாகி டிரவுட்டும் வயிறு மேலாக மிதந்தது. கீழே மடுவில் நேற்று இறங்கிப் பார்த்தேன். விரல் நீளத்தில் இரண்டு நின்றன. குயில்தானா என்று சொல்ல முடியவில்லை.

கடிதங்களை அனுப்பு.

பெரியமுத்து

*

எலப்புள்ளி
14 ஏப்ரல் 1935

அத்தான்,

இன்று வருடப் பிறப்பு. ஆறுமுகசாமி வீட்டில் வருடத்தின் முதல் உழவுக்குப் பொன் ஏர் பூட்டினார்கள். மழை வரும் என்கிறார். வரட்டும்.

கடிதங்களைப் பாயில் பரப்பி வைத்திருக்கிறேன். அக்காளுடையது பதினான்கு. கொடுத்தால் கச்சேரிக் காகிதக் கட்டோடு சேர்ந்துவிடும். அவள் குரல் வேறெங்கும் இல்லை. சரி. அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு விஷயம்.

முதலாவது. இவற்றில் திருட்டு இல்லை என்பது இருக்கிறது. கொம்பு உங்கள் பொறுப்பு என்பதும் இருக்கிறது, உங்கள் கையெழுத்திலேயே. ஊதாதே என்று சொன்ன துரை அக்காளின் எந்தக் கடிதத்திலும் இல்லை. அக்காள் பெயர் தெளிந்தால் அந்த இடத்தில் உங்கள் பெயர்தான் ஏறும். உங்களைச் சிறையில் போடலாம்.

இரண்டாவது. பதினைந்தாவது கடிதம். 27 ஜனவரி. அதே கை, அதே தலைப்பு: அவள் சொன்னது சொன்னபடி. முத்திரை அவள் செத்துப் பத்து நாளுக்குப் பிந்தியது. அதைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? செத்தவள் பேசியதாக ஒன்றை எழுதியவன் மற்ற பதினான்கையும் எழுதியிருப்பான் என்றுதானே. நானே எதிரியாக இருந்தால் அப்படித்தான் சொல்வேன்.

ஒன்று விடாமல் என்கிறார் குருசாமி. பொய்யை மாற்றுங்கள் என்று உங்களுக்கு எழுதினவள் நான். அந்தக் கடிதம் இருந்தால் உண்மை நிற்காது. இல்லாவிட்டால் நிற்கும், ஆனால் நான் ஒளித்தவள்.

அது பொய்க் கடிதம். ஆனால் அவள் பேசட்டும் என்று நீங்கள் காத்திருந்த இடம் எதுவென்று அதில் தெரிகிறது. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் மை மாறியிருக்கிறது.

என்ன செய்ய?

சாந்தம்மாள்

*

போடிமெட்டு
25 ஏப்ரல் 1935

சாந்தம்மாளுக்கு,

முதலாவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

இரண்டாவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாது. சொன்னால் என் பொய்யை நீ சுமக்கும்படி நானே கேட்பதாகும். கொண்டுவந்தால் நான் எழுதினதுதான் என்று ஒப்புக்கொள்வேன். கொண்டுவராவிட்டால் கேட்கமாட்டேன்.

பெரியமுத்து

*

சாந்தம்மாள் இதற்குப் பதில் எழுதவில்லை. மே மூன்றாம் தேதி காலை ஜனவரி 27 தேதியிட்ட கடிதத்தை உறையோடு தன் அடுப்பில் வைத்தாள். அதன்மேல் உலை ஏற்றிச் சோறு வடித்துக் கட்டிக்கொண்டாள். போடிநாயக்கனூர் வரை ரயில், அங்கிருந்து மெட்டு ஏறும் லாரி. ஆறாம் தேதி தேவிகுளம் கச்சேரியில் பதினான்கு கடிதங்களையும் தேதி வரிசையில் மேஜைமேல் வைத்தாள். குருசாமி ஒவ்வொரு முத்திரையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இவ்வளவுதானாம்மா? விட்டுப்போனது ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான்" என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.